பொருளை வினவி அறிந்த பேரறிஞர்
சர் ஜகதீச சந்திர போஸ்

கொல்லன் இரும்பின் இயல்பை அறிவான். தச்சன் மரத்தின் இயல்பை அறிவான். குயவன் மண்ணின் இயல்பை அறிவான். எப்பொருள் எத்தொழிற்கு ஏற்றது என்று தெரிந்து எடுப்பதே எல்லாத் தொழில்களுக்கும் முதற்படியாகும். அவ்வறிவு இல்லாதவன் கையிற் பொன்னும் பயன்படாது ஒழியும். ஆனால், கண்ணாற் காணவொண்ணாத ஓர் அலையை எழுப்புதற்கு எவ்வுலோகம் வேண்டும், அதனை வளைத்துக் குவித்தற்கு எப்பொருள் வேண்டும், பிடித்து அறிதற்கு எது வேண்டும் என்று வினவினால், எந்தக் கொல்லனும் தச்சனும் விடையிறுத்தல் இயலாது. அவ்வினாக்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பி, விலையுயர்ந்த கருவிகள் எவையும் இல்லாத ஒரு குறுகிய அறையில் விடை கண்ட பெரியார் ஒருவர் நம் அயல்நாடாகிய பாரதத்திலே வாழ்ந்தார். அவரே சர் ஜகதீச சந்திர போஸ்.

செடிகளுக்கும் உணர்ச்சி உண்டென்று காட்ட முயன்றவர் என்றே இவரை நம்மவர் பலர் அறிவர். அதற்கு முன் ஐந்தாறு ஆண்டுகள் அவர் நுண்ணலைகளை ஆராய்ந்து செய்த அருஞ்செயல்களை அறிந்தோர் சிலரேயாவர். இவ்விழா மலரிலே அப்பகுதியையே விரித்துக் கூற எண்ணினோம். தமிழாசிரியராகிய நாம் பௌதிகத்துட் புகுந்தமைக்குக் காரணம் கட்டுரையின் போக்கிலே விளங்கும்.

இளமையும் கல்வியும்

போஸ் 1858 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30 ஆந் திகதி, இன்று வங்காளதேசத்துள் அடங்கும் மைமன்சிங்கு என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் பிரம சமாஜத்தைச் சார்ந்தவர். பின்னர் பரித்பூர் என்னுமிடத்தில் அரசாங்க உத்தியோகத்தில் அமர்ந்து நீதி செலுத்தியவர். அக்காலத்து உத்தியோகத்தர் தம் புதல்வரை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ தம் மைந்தனை வங்காள மொழிப் பாடசாலைக்கே அனுப்பினார். பிற மொழியைக் கற்குமுன் தாய்மொழியையும், பிறரோடு பழகுமுன் தம் மக்களையும் ஒருவன் அறிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

அப்பாடசாலையிலே சிறுவன் ஜகதீசனுக்கு ஒருபுறம் தந்தையாரிடம் சேவகம் செய்த முகம்மதியர் ஒருவரின் மகனும், மறுபுறம் மீனவர் ஒருவரின் மகனும் இருந்து கற்றனர். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் ஆகியவற்றைப் பற்றி அவர்கள் கூறிய கதைகளே தம்மை இயற்கை ஆராய்ச்சியின்பால் ஈர்த்தன என்று போஸ் முதுமையிலும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். அத்தோழர்கள் வீட்டுக்கு வந்தபோது அன்னையார் சாதி வேறுபாடு பாராட்டாது எல்லோர்க்கும் ஒருங்கே உணவு படைத்தார். தாய்மொழிக் கல்வி அறிவியலுக்குத் தடை என்று இன்றும் கூறுவோர் இதனைச் சிந்திப்பாராக.

பின்னர்க் கல்கத்தாவில் ஹேர் பாடசாலையிலும், புனித சவேரியார் பாடசாலையிலும் கல்லூரியிலும் பயின்றார். அங்கே லாபோன் அடிகளார் என்னும் பௌதிகப் பேராசிரியர், செய்து காட்டிக் கற்பிக்கும் முறையாற் பெயர் பெற்றவர். அவர் காட்டிய பரிசோதனைகள் போஸின் உள்ளத்திற் பதிந்தன. 1880 ஆம் ஆண்டிலே மருத்துவம் பயிலும் நோக்கத்துடன் இலண்டன் சென்றார். அடிக்கடி வந்த காய்ச்சலால் அதனைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜ் கிறைஸ்ற் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் கற்றார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசான் புகழ்பெற்ற றேலிப் பிரபு ஆவர். இவ்வாசானின் நட்பு பின்னாளிற் பெருந்துணையாயிற்று.

மூன்றாண்டு வாங்காத சம்பளம்

1885 ஆம் ஆண்டு தாயகம் மீண்ட போஸ், கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியிலே பௌதிகப் பேராசிரியராக நியமனம் பெற்றார். எளிதிற் கிடைத்த நியமனமன்று அது. நுண்ணிய விஞ்ஞானத்தைக் கற்பிக்கும் ஆற்றல் இந்தியர்க்கு இல்லை என்று கல்விப்பகுதி அதிகாரிகள் கருதிய காலம் அது. நியமனத்தின் பின்னும் நீதி கிடைத்திலது. அவ்வுயர் சேவையில் ஐரோப்பியர் பெற்ற சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியர்க்கு உரியது என்பது விதி. தற்காலிக நியமனம் என்ற காரணத்தால் அதிலும் பாதியே அவருக்கு வகுக்கப்பட்டது. ஒரே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு கூலி!

இதற்குப் போஸ் கூச்சலிட்டாரில்லை. வேலையை விட்டு விலகினாரும் இல்லை. சம்பளப் பணத்தைத் தொடாது, மூன்று ஆண்டுகள் முறை தவறாமற் கற்பித்து வந்தார். அவ்வேளை தந்தையார் பொதுநன்மை கருதித் தொடங்கிய முயற்சிகளில் நட்டமுற்றுக் கடனில் ஆழ்ந்திருந்தார். 1887 ஆம் ஆண்டு போஸ் மணந்த அபலா அம்மையார் சென்னை மாநகரிலே மருத்துவக் கல்வி பயின்று, உடல்நலக் குறைவால் அதனை முடிக்காது மீண்டவர்; இல்லற வறுமையைத் தாமும் பொறுத்துக் கணவரின் உறுதிக்குத் துணை நின்றார். ஈற்றில் அதிகாரிகளே இணங்கினர். நியமனம் நிரந்தரமாக்கப்பட்டு, மூன்றாண்டுச் சம்பளமும் முழுமையாக ஒருங்கே வழங்கப்பட்டது. அத்தொகை தந்தையாரின் கடனைத் தீர்க்கச் சென்றது.

இந்நிகழ்ச்சியை நாம் விரித்துக் கூறியது இரக்கம் உண்டாக்குதற்கன்று. தோற்றத்தைக் கண்டு தரத்தை மதிப்பிட்டவர்களின் தவற்றைத் தம் வாழ்விலே நுகர்ந்தவர் போஸ். அவர் பொருள்களை ஆராயப் புகுந்தபோது, எந்தப் பொருளையும் அதன் தோற்றங்கண்டு மதிப்பிட்டாரில்லை. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் அவர் உள்ளம் நமக்கு விளங்கும்.

காணா ஒளி

ஒளியும் மின்னும் காந்தமும் தம்முள் உறவுடையன என்றும், மின் அதிர்வினால் ஒளியை ஒத்த அலைகள் பரவும் என்றும் மக்சுவெல் என்னும் அறிஞர் 1860 களில் கணித வாயிலாகக் காட்டினார். ஜெர்மனியிலே ஹேர்ட்ஸ் என்பார் 1888 ஆம் ஆண்டளவில் மின்பொறியினால் அவ்வலைகளை எழுப்பி அக்கூற்றை மெய்ப்பித்தார். ஆனால் அவர் எழுப்பிய அலைகளின் நீளம் பெரிது. அவை ஒளியைப்போல முறிவடைவதைக் காட்டுதற்கு, ஏறக்குறைய 600 கிலோகிராம் நிறையுள்ள ஓர் அரியத்தைக் கீலினால் அவர் வார்க்க நேர்ந்தது. அலை பெரிதாயின் அதனை ஆளும் கருவியும் பெரிதாதல் வேண்டும் அன்றோ?

ஹேர்ட்ஸ் 1894 ஆம் ஆண்டின் முதல் நாளில் இளவயதிலே மறைந்தார். அவர் பணியைப் பற்றி ஒலிவர் லொட்ஜ் இங்கிலாந்திலே நிகழ்த்திய விரிவுரை நூலாகி வந்து போஸின் கையை அடைந்தது. அவ்வாண்டு தமது முப்பத்தாறாம் பிறந்தநாளிலே, இனி வாழ்வை ஆராய்ச்சிக்கே அளிப்பது என்று போஸ் உறுதி பூண்டார். பெரிய கருவிக்கு அவரிடம் இடமுமில்லை, பொருளுமில்லை. ஆதலின் அலையைச் சிறிதாக்க முனைந்தார். சிறிதாக்கிச் சிறிதாக்கி, 5 மில்லிமீற்றர் நீளமுள்ள அலைவரை சென்றார். அதாவது, வினாடிக்கு 6,000 கோடி அதிர்வுகள். ஹேர்ட்ஸின் மண்டபத்தை நிரப்பிய கருவித் தொகுதி போஸின் மேசைமேல் ஒடுங்கிற்று. வறுமை அவரைக் கட்டுப்படுத்தியது உண்மை. அக்கட்டுப்பாடே அவருக்குப் புதுவழி காட்டியதும் உண்மை.

கல்லூரியில் ஆராய்ச்சிக்கென ஆய்வுகூடம் இல்லை. சிறிய அறையொன்றே அவருக்குக் கிடைத்தது. கருவி செய்ய அவருக்கு வாய்த்த உதவியாளர் விஞ்ஞானப் பயிற்சி இல்லாத ஒரு தகரவேலைக்காரர். பகல் முழுதும் கற்பித்து, எஞ்சிய வேளையிலே, தம் கைப்பணத்தைச் செலவிட்டு, இவ்வுதவியாளரைக் கொண்டே எல்லாக் கருவிகளையும் அமைத்தார்.

கடத்தியைத் தெரிந்தமை

முதலில் அலையை எழுப்பும் பொறிவாயை நோக்குவோம். சிறு உலோகக் குண்டுகளுக்கிடையே மின்பொறி பாயும்போது அலை பிறக்கின்றது. பொறி பாயப் பாய உலோகத்தின் மேற்பரப்பு அரிக்கப்பட்டுக் கரடாகின்றது. கரடானதும் பொறி ஒழுங்கிழந்து, அலை ஒருகால் எழும், ஒருகால் எழாது. இக்குறையை நீக்கப் பிறர் பொறிவாயை எண்ணெயில் அமிழ்த்தினர். அல்லது குண்டுகளை அடிக்கடி தேய்த்து மெருகிட்டனர். போஸ் எண்ணெயை விலக்கி, வெப்பத்தாலும் காற்றாலும் எளிதிற் சிதையாத பிளாத்தினத்தைப் பொறி பாயும் இடத்துக்குத் தெரிந்தெடுத்தார். மிகச் சிறிதளவு பிளாத்தினமே அவருக்குத் தேவைப்பட்டது. ஏனெனில் வேலை முழுவதும் மேற்பரப்பிலேயே நிகழ்கின்றது.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தை மாணாக்கர் கருத்திற் கொள்ளல் வேண்டும். நேரோட்ட மின் கம்பியின் உடல் முழுவதும் பாயும். அதிர்வு மிக மிக, மின்னோட்டம் உள்ளே செல்லாது புறத்தோலிலேயே தங்கிவிடும். போஸ் கையாண்ட 6,000 கோடி அதிர்விலே, செம்பினுள் அது புகும் ஆழம் ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்கு மாத்திரமே. ஆகவே உள்ளீடு எவ்வுலோகமாயினும், மேலுள்ள மெல்லிய படலம் நல்ல கடத்தியாய், அழுத்தமாய், துருவின்றி இருத்தலே வேண்டற்பாலது. இக்காலத்தும் நுண்ணலைக் குழாய்களின் உட்புறத்துக்கு வெள்ளிப் பூச்சு இடுவது இதனாலேயே.

அலை வெளிப்படும் வாயிலாக ஒரு பொள்ளல் உலோகக் குழாயை அமைத்தார் போஸ். சில சதுரக் குழாய். சில வட்டக் குழாய். அலையை வாங்கும் பக்கத்திலே, வாய் அகன்று அடி ஒடுங்கிய புனல் ஒன்றைப் பொருத்தினார். இன்று அலைவழிகாட்டி என்றும் கொம்பலைவாங்கி என்றும் பொறியியலார் வழங்கும் இரண்டும் இவையே. கம்பியில் மாத்திரமன்றி, உலோகச் சுவர் சூழ்ந்த வெற்றிடத்திலும் மின்னாற்றலை நடத்திச் செல்லலாம் என்பதை அத்தகரவேலைக்காரரின் கைவேலை காட்டி நின்றது.

காவலியைத் தெரிந்தமை

கடத்தியிலும் அரிய பகுதி, மின்னைக் கடத்தாத காவலிகளின் பகுதியாகும். நம் கண் ஒரு பொருளை ஒளிபுகவிடும் பொருள் என்றும் ஒளிபுகவிடாப் பொருள் என்றும் பிரிக்கின்றது. மின்னலையோ அப்பிரிவை ஏற்பதில்லை. செங்கல்லும் கீலும் ஒளியைத் தடுப்பன. மின்னலை அவற்றினூடே இனிது செல்கின்றது. தெளிந்த நீர் ஒளியை விடுவது. மின்னலையை அது விழுங்கிவிடுகின்றது. கண்ணுக்குத் தெளிவானது அலைக்கு இருளாகவும், கண்ணுக்கு இருளானது அலைக்குத் தெளிவாகவும் இருத்தலைப் போஸ் அவையோர் முன்னிலையிற் செய்து காட்டினார்.

ஆதலின் வில்லைக்கும் அரியத்துக்கும் ஏற்ற பொருளைக் கண்ணால் அன்றி அலையாலேயே தேர்ந்தார். கந்தகம் அவருக்கு மிகவும் உதவிற்று. அது மலிவானது, உருக்கி வார்த்தற்கு எளிது, ஈரத்தை உறிஞ்சாதது. கந்தகத்தை அரைவட்ட உருளையாக வார்த்து, அதனைத் திருப்பித் திருப்பி, அலை வெளியேறாது முழுவுட்டெறிப்பு அடையும் கோணத்தை அளந்து, அதிலிருந்து முறிவுக்குணகத்தைக் கணித்தார். அது 1.7 க்குச் சற்று மேற்பட்டதாயிருந்தது. கண்ணாடிக்கோ 2 க்குச் சற்று மேற்பட்டதாகக் கண்டார். ஒளிக்குக் கண்ணாடியின் முறிவுக்குணகம் ஏறக்குறைய 1.5 ஆகும். ஒரே கண்ணாடி ஒளிக்கு ஒருவகையாகவும் மின்னலைக்கு வேறுவகையாகவும் நடப்பதை இவ்வெண்கள் தெளிவாக்கின. கந்தகத்தைப் பற்றிய இவ்வாராய்ச்சியை றேலிப் பிரபு இலண்டன் றோயல் சொசைற்றிக்குச் சமர்ப்பித்தார். இலண்டன் சர்வகலாசாலை 1896 ஆம் ஆண்டு போஸுக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் வழங்கிற்று.

இரண்டு அரியங்களை நெருங்க வைத்து, நடுவிலுள்ள காற்றிடைவெளியைக் கூட்டியும் குறைத்தும், அலையின் எத்துணைப் பங்கு அப்பாற் செல்லும் என்பதையும் ஆராய்ந்தார். இடைவெளி ஒடுங்கினால் அலை கடக்கும், விரிந்தால் மீளும். வெறும் காற்றையே ஒரு காவலியாகக் கொண்டு ஆற்றலை அளந்துவிடும் இம்முறை பிற்காலக் கருவிகளிலும் இடம்பெற்றது.

அலையை ஒருதளப்படுத்தும் முனைவாக்கத்திற்கு விலைமிக்க பளிங்குகளைத்தான் நாடவேண்டும் என்பதில்லை என்று அவர் காட்டினார். நெமலைற்று என்னும் நார்க்கல் அத்தொழிலைச் செய்தது. புகையிரத நேரசூசிப் புத்தகம் ஒன்றின் ஏடுகளுக்கிடையே தகரத்தாளை வைத்தார், அதுவும் செய்தது. வங்காள வயல்களில் விளையும் சணல் நாரை முறுக்கி வைத்து, அலையின் முனைவுத் தளம் முறுக்கின் திசைக்கேற்பத் திரும்புவதை 1898 ஆம் ஆண்டிலே விளக்கினார். வெல்லக் கரைசல் ஒளியின் தளத்தைத் திருப்புவதற்கும் அதன் மூலக்கூறுகளில் உள்ள இத்தகைய முறுக்கே காரணமாகலாம் என்பதற்கு அச்சணற்கட்டு ஒரு மாதிரி ஆயிற்று. புத்தகமும் சணலும் எந்த ஊரில் இல்லை?

அலையைப் பிடித்தமை

எழுப்பிய அலையைப் பிடித்தறிதல் எல்லாவற்றினும் கடினமாயிருந்தது. ஐரோப்பியர் இரும்புத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழலைக் கையாண்டனர். அலை பட்டதும் தூள்கள் ஒட்டி மின்னை விடும். மறுபடி பயன்படுத்தத் தட்டிக் குலைத்தல் வேண்டும். போஸ் தூளை நீக்கி, சிறு உருக்குச் சுருள்விற்களை ஒன்றையொன்று தொடுமாறு அடுக்கி, அழுத்தத்தைத் திருகாணியாற் சீர்செய்தார். ஆனால் கல்கத்தாவின் ஈரமும் வெக்கையும் சேர்ந்து அவ்விற்களைத் துருப்பிடிக்கச் செய்தன. குளிர்நாட்டு நூல்களில் இதற்கு மருந்து கூறப்படவில்லை. போஸ் விற்களின்மேல் மின்முறையாற் கோபாற்றுப் படலம் ஏற்றித் துருவைத் தடுத்தார். நம் நாட்டுக் காற்றுக்கு ஏற்ற பொருளை நாமே தேடிக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டியதில்லை.

பின்னர் ஒவ்வோர் உலோகமாக எடுத்து, அலை பட்டபோது அதன் தொடுகையின் தடை கூடுகின்றதா குறைகின்றதா என வகுத்தார். இரும்பு போன்றவற்றிற் குறைந்தது, பொற்றாசியத்திற் கூடிற்று. இரும்பையும் இரசத்தையும் தொடுவித்து, தட்டாமலே தானாக மீளும் வாங்கியொன்றைச் செய்து, 1899 ஆம் ஆண்டு றோயல் சொசைற்றிக்கு அறிவித்தார். அதன்பின், ஈயமும் கந்தகமும் சேர்ந்த கலீனா என்னும் தாதுக்கல்லின்மேல் உலோக முனையைத் தொடவைத்தார். அக்கல் முழுக் கடத்தியுமன்று, முழுக் காவலியுமன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட அப்பொருளே மின்னலையையும் ஒளியையும் ஒருங்கே உணர்ந்தது. இன்று குறைகடத்தி என்று உலகம் போற்றும் பொருட்குடும்பத்தில் ஒன்றை முதன்முதற் கருவியாக்கியவருள் இவர் முன்னிற்பவர்.

புகழும் துறவும்

கல்கத்தா நகர மண்டபத்திலே, வங்காளத்தின் துணைநிலை ஆளுநர் மக்கென்சியும் பிறரும் குழுமியிருக்க, ஓர் அறையில் எழுந்த அலை சுவர்களையும் ஆளுநரின் உடலையும் கடந்து சென்று, அப்பாலுள்ள மணியை ஒலிப்பித்து, வெடிமருந்தைப் பற்றவைத்தது. 1897 ஆம் ஆண்டு சனவரி 29 ஆந் திகதி, இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூஷனிலே தம் சிறு கருவியை வைத்து விரிவுரை நிகழ்த்தினார். கெல்வின் பிரபு முதலிய பெரியோர் பாராட்டினர்.

1901 ஆம் ஆண்டு மீண்டும் இலண்டன் சென்றபோது, தந்திக் கம்பனியொன்றின் பெருஞ்செல்வர் ஒருவர் அவரை நாடி வந்தார். விரிவுரையில் எல்லாவற்றையும் வெளியிட்டுவிட வேண்டாம். ஆக்கவுரிமைப் பத்திரம் எடுத்துத் தருகின்றேன். இலாபத்திற் பாதி உமக்கு என்று வேண்டினார். போஸ் மறுத்து, பணவேட்கையின் இழுப்பைக் குறித்துத் தம் நண்பர் இரவீந்திரநாத் தாகூருக்குக் கடிதம் எழுதினார். பின்னர் நிவேதிதை அம்மையாரும் அமெரிக்க நண்பர் ஒருவரும் வற்புறுத்தியமையால், கலீனாக் கருவிக்கு மாத்திரம் 1901 ஆம் ஆண்டு விண்ணப்பிக்கப்பட்டு, 1904 ஆம் ஆண்டு அமெரிக்க ஆக்கவுரிமைப் பத்திரம் கிடைத்தது. அதனாற் பொருளீட்ட அவர் முயலவில்லை, அது காலாவதியாயிற்று.

மார்க்கோனியின் புகழ் போஸுக்கே உரியது என்று வாதிடுவோர் உளர். நாம் அவ்வாறு கூறத் துணியோம். மார்க்கோனி நெடுந்தூரச் செய்தியை நாடினார். அதற்கு நீண்ட அலைகளே உதவின. போஸ் அலையின் இயல்பை நாடினார். அதற்குக் குறுகிய அலைகளே உதவின. குறுகிய அலையை ஆற்றலோடு எழுப்பும் கருவி அக்காலத்தில் இல்லாமையால், அவர் துறை ஏறக்குறைய அரை நூற்றாண்டு உறங்கிற்று. நோக்கம் வேறாதலின் புகழும் வேறு.

அதன்பின் போஸ் செடிகொடிகளின் உணர்ச்சி ஆராய்ச்சியிற் புகுந்தார். அவர் முடிபுகள் சிலவற்றைத் தாவரவியலார் பலர் ஏற்கவில்லை. செடிகளில் மின்குறிப்புகள் செல்கின்றன என்பது பின்னர் உறுதியாயிற்று. 1917 ஆம் ஆண்டு சர் பட்டம் பெற்றார். அவ்வாண்டு தம் பிறந்தநாளிலே, வாழ்நாட் சேமிப்பைக் கொண்டு கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். அங்கே காணப்படுவன யாவும் பொதுவுடைமையாதல் வேண்டும் என்று விதித்தார். 1920 ஆம் ஆண்டு றோயல் சொசைற்றியின் அங்கத்தவரானார். 1921 ஆம் ஆண்டு தம் வங்காளமொழிக் கட்டுரைகளை அப்யக்த என்னும் நூலாக வெளியிட்டார். உலகமெல்லாம் ஆங்கிலத்தில் முழங்கிய பின்னும் தாய்மொழியில் எழுத நாணாத இப்பண்பே எம்போன்ற மொழியாசிரியரை அவர்பால் ஈர்த்தது. 1937 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆந் திகதி கிரிதி என்னுமிடத்திற் காலமானார்.

விதையும் விருட்சமும்

உறங்கிய துறை இரண்டாம் உலக யுத்தத்திலே விழித்தது. 1940 ஆம் ஆண்டு பெர்மிங்காம் சர்வகலாசாலையில் ரண்டால், பூட் என்னும் இருவர், செப்புக் கட்டியொன்றைக் குடைந்து, ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் அலையை நூற்றுக்கணக்கான உவாற்று ஆற்றலோடு எழுப்பினர். செம்பைத் தெரிந்தமைக்குக் காரணம், அது மின்னையும் நன்கு கடத்தும், வெப்பத்தையும் நன்கு கடத்தும் என்பதே. ஆற்றல் சிறிதாயின் பொருளின் சிறு குறை பொறுக்கப்படும். ஆற்றல் பெரிதாயின் அச்சிறு குறையே நெருப்பாகும். ஈரம் உண்ட காவலி கொதித்து வெடிக்கும். கடத்தியின் கூரிய விளிம்பிலே மின்வலு குவிந்து, சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 30,000 வோற்று என்னும் எல்லையிற் காற்றே முறிந்து பொறி பறக்கும். ஆதலின் விளிம்புகளை உருட்டுகின்றனர். குழாய்களில் உலர்ந்த காற்றையோ வேறு வாயுவையோ அழுத்தி நிரப்புகின்றனர். அலை வெளியேறும் சாளரத்தை அலுமினா மட்பாண்டத்தால் அமைக்கின்றனர்.

இன்று பிரான்சு நாட்டிலே, பல நாடுகள் கூடி அமைக்கும் ஈற்றர் என்னும் அணுச்சேர்க்கை உலையை வெப்பமாக்குதற்கு, வினாடிக்கு 17,000 கோடி அதிர்வுள்ள அலையைத் தலைக்குப் பத்து இலட்சம் உவாற்று வீதம் எழுப்பும் குழல்கள் ஆக்கப்பட்டுள்ளன. அவ்வலையின் நீளம் 2 மில்லிமீற்றரிலும் குறைவு. போஸ் உலாவிய மில்லிமீற்றர் உலகமே அது. அத்துணை ஆற்றலைத் தாங்கி வெளிவிடும் சாளரத்துக்குத் தெரியப்பட்ட காவலி யாது? செயற்கை வைரம்! மின்னைக் கடத்தாது, அலையை உண்ணாது, வெப்பத்தைச் செம்பினும் ஏறக்குறைய ஐந்து மடங்கு விரைவாகக் கடத்தி வெளியேற்றுவது அது. அன்று கந்தகக் கட்டியிலே தொடங்கிய தேர்வு இன்று வைரத் தகட்டிலே நிற்கின்றது. பொருள் மாறிற்று, வினாவும் முறையும் மாறவில்லை. 2012 ஆம் ஆண்டு உலக மின்பொறியியலார் கழகமொன்று, போஸின் மில்லிமீற்றர் அலை ஆராய்ச்சியை அத்துறை வரலாற்றின் ஒரு மைல்கல்லாக அறிவித்துச் சிறப்பித்தது.

எம் கல்லூரியிற் பயில்கின்ற இளைஞர்களே, உங்கள் ஆய்வுகூடத்தில் இது இல்லை, அது இல்லை என்ற குறை எக்காலத்தும் எழும். அக்குறையை நீக்குதல் பழைய மாணவர்களாகிய எங்கள் கடன். ஆனால் அக்குறை தீருமட்டும் கைகட்டி நிற்றல் உங்கள் கடனன்று. தகரமும் கந்தகமும் சணலும் பழம்புத்தகமும் போஸுக்குப் போதியனவாயின. கருவி இல்லாக் குறையைக் கூரிய வினா ஓரளவு நிரப்பும். வினா இல்லாக் குறையை எந்தக் கருவியும் நிரப்பாது. பொருளையும் சரி, மனிதரையும் சரி, தோற்றங்கண்டு தள்ளாது, சோதித்து அறிந்து கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கே பெறுமதி என்று மதிப்பிடப்பட்ட ஓர் ஆசிரியர் உலகுக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவேயாகும்.